அத்தையின் பெயர் இல்லாத கல்

கோபப்படுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கிற ஆள் நான். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். இரண்டு தடவை அளக்காமல் எந்தக் கண்ணாடியையும் பிரேமில் பொருத்தக் கூடாது. மாலையில் போகிற வகுப்பிலும் அதே கதைதான். குடும்ப வரலாறு எழுதச் சொல்லித்தரும் வகுப்பு அது. ஒரு தகவலுக்கு இரண்டு சான்று இல்லாவிட்டால் அது வதந்தி என்பார் ஆசிரியை. அதனால் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல் முன்னால் நின்றபோது என் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஈரத்துணியால் பாசியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

"அன்பு மக்கள்" என்று செதுக்கி, கீழே மூன்று பெயர்கள். பெரியப்பா, அப்பா, சித்தப்பா. அத்தை இல்லை. அவள்தான் நால்வரில் மூத்தவள்.

பக்கத்தில் பாட்டியின் கல். அதிலும் அதே மூவர்.

நான் அங்கே போனது பெரியப்பா சொல்லித்தான். பழைய பகுதியில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள், இனி அங்கே யார் யாருக்கு அடக்க உரிமை உண்டு என்று பதிவு செய்ய வேண்டுமாம். பதியாதவர்களுக்கு ஊருக்கு வெளியே புது நிலம். "டிடெக்டிவ் அம்மா, நீதான் செத்தவங்களைத் தேடிப் படிக்கறவ ஆச்சே, இதையும் பாத்துடு" என்று என் தலையில் கட்டிவிட்டார். இதைச் சொன்ன அன்று அத்தை என்னிடம், "அம்மா பக்கத்துல எனக்கு ஒரு இடம் பாத்து வை, போதும்" என்றாள். சின்ன வயதிலிருந்தே நானும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் தனக்கென்று எதையாவது கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தோட்டத்து அலுவலகத்தில் இருந்தவர் நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் அத்தையின் பெயரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்க பேரு கல்லுல இருக்கணும். இல்லாட்டி பேப்பர்ல வந்த மரண அறிவிப்புல இருக்கணும். பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"வீட்டுல பொறந்தவங்க சார். அப்ப பதியல. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்னா, யாராவது ஒருத்தர் எழுதி வெச்சிருப்பாங்களேம்மா."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கட்டுக்கட்டாக எடுத்துத் தேடினேன். எங்கள் வீட்டில் நான்கு சாவுக்கு நான்கு அறிவிப்புகள்: தாத்தா, பாட்டி, சித்தப்பா, பெரியம்மா. நான்கையும் மேசையில் வரிசையாக வைத்தபோது என்னவோ இடித்தது. தாத்தா "நீண்ட நாள் நோய்க்குப் பின்" காலமானார். சரி. பாட்டியும் அப்படியே. அதுவும் சரி. ஆனால் லாரி மோதி அந்த இடத்திலேயே போன சித்தப்பாவும் நீண்ட நாள் நோய்க்குப் பின் காலமாகியிருந்தார்.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் இரங்கல் எழுதுவதில்லை. போன சாவுக்குப் போட்டதை எடுத்து, மேலே புதுப் பெயரைப் போட்டு, பழைய ஆளை "காலஞ்சென்ற" பக்கம் தள்ளிவிடுகிறார்கள். கல் செதுக்குகிறவரிடமும் பேப்பரிலிருந்து வெட்டிய அதே துண்டுதான் போயிருக்கிறது. நான்கிலும் அத்தை இல்லை.

பெரியப்பாவின் டயர் கடைக்கு நேரே போனேன்.

"சித்தப்பா எப்படிப் போனார் பெரியப்பா?"

"லாரி மோதி. ஏன், உனக்குத் தெரியாதா?"

"பேப்பர்ல நோய்ல செத்தார்னு இருக்கு."

அவர் சிரித்தார். "அட, பழசை எடுத்துப் பேரை மாத்திக் குடுத்தேன். பொணத்தை வீட்டுல வெச்சுக்கிட்டு உட்காந்து கட்டுரையா எழுத முடியும்?"

"நாலுலயும் அத்தை பேரு இல்ல."

நூலகத்தில் எடுத்த நகல்களை நீட்டினேன். நான் பொருத்திக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பிறகு, ஒரு டயர் கையிருப்பில் இல்லை என்று சொல்வதைப் போல, "இல்லையே" என்றார்.

"எத்தனை வருஷமா இல்ல!"

"என்கிட்ட ஏன் கத்தற? முதல் அறிவிப்பை அவதான் பேப்பர் ஆபீஸ்ல போய்க் குடுத்தா. அவ பேரை அவளே விட்டுட்டா நான் என்ன பண்றது? போய் அவளைக் கேளு."

பஸ்ஸில் திரும்பும்போது, யாரைக் கோபிப்பது என்றுகூடச் சரிபார்க்காமல் கிளம்பிவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அத்தை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். போர்வை மடிக்கும்போது மட்டும் இன்னும் யாருக்கோ கணக்குக் காட்டுவதைப் போல மடிப்பாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றாள். "தம்பிங்க மூணு பேரும் ஒரு மூலையில உட்காந்து அழுதுட்டிருந்தானுங்க. யாராவது போகணுமே. கவுண்டர்ல இருந்தவன், பிள்ளைங்க பேரைச் சொல்லுங்கன்னான். மூணு பேரையும் சொன்னேன். மருமகளுங்க, பேரப்பிள்ளைங்க, ஒருத்தரை விடல. சொல்ற ஆளை மட்டும் எண்ணல."

"எப்ப தெரிஞ்சுது?"

"மறுநாள் காலைலயே. வீடு முழுக்க அந்தப் பேப்பர்தான் கெடந்தது."

"ஏன் அத்தை சொல்லல?"

போர்வையின் நுனியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன். கல்லு வெச்ச அன்னிக்கு எல்லாரும் நின்னு படிச்சாங்க. அப்பவும் இருந்தேன். அம்மா போனப்ப பாத்தேன். கடைசி வரைக்கும் அவளைத் தூக்கி உட்கார வெச்சவ நான். அப்பவும் உன் பெரியப்பன் அதே துண்டைத்தான் எடுத்துட்டுப் போனான். அதுக்கப்புறம் பேப்பர் பாக்கறதையே விட்டுட்டேன்."

அவள் குரலில் கொஞ்சம்கூடச் சூடு இல்லை. அவளுடைய கோபமும் சேர்த்து எனக்கு வந்தது.

இரவு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். தவறு யாருடையது? விட்டது அத்தை. அது துக்கத்தில், ஒரு நாள் நடந்த தவறு. மற்றவர்கள் காணாமல் இருந்தது அத்தனை வருஷமும். என் அப்பாவும் அதில் உண்டு. வெளியூரில் இருக்கும் அவருக்குப் போன் செய்தேன். "அண்ணனைக் கேளும்மா" என்று வைத்துவிட்டார். கோபம் நியாயம்தான் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அதே நாளிதழில், குடும்பத்து ஆண்களில் மூத்தவர் கையெழுத்துப் போட்டு ஒரு திருத்தம் வெளியிட்டால் ஏற்றுக்கொள்வதாகத் தோட்டத்து அலுவலகத்தில் சொன்னார்கள். ஏன் ஆண்களில் மட்டும் என்று கேட்டேன். "வழக்கம்மா" என்றார்கள். அதையும் குறித்துக்கொண்டு மறுபடி டயர் கடைக்குப் போனேன்.

"செத்த மனுஷனுக்கு இப்பப் போய்த் திருத்தமா? ஊரே சிரிக்கும்" என்றார் பெரியப்பா. பிறகு குரலைத் தணித்தார். "அதோட அங்க ரெண்டு இடம்தான் மிச்சம். உன் பெரியம்மா பக்கத்துல எனக்கு ஒண்ணு. இன்னொண்ணு நம்ம பெரியவனுக்குன்னு நெனச்சிருந்தேன்."

"உங்க பையன் கல்லு மாதிரி இருக்கான், காலைல ஓட்டப்பயிற்சிக்குப் போறான். அவனுக்கு இப்பவே குழி ரிசர்வா?"

"வாயை அடக்கு."

"மாட்டேன். பாட்டியைத் தூக்கினது யாரு, உங்க பையனா?"

காற்றடிக்கும் பம்பை நிறுத்திவிட்டு வேலையாட்கள் எங்களையே பார்த்தார்கள். அடுத்துச் சொல்லப்போவது செல்லுமா என்று எனக்கே நிச்சயமில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"சித்தப்பா லாரில அடிபட்ட போலீஸ் ரிப்போர்ட் சித்திகிட்ட இருக்கு. உங்க அறிவிப்புல நோய்னு இருக்கு. ரெண்டையும் கொண்டுபோய் ஆபீஸ்ல வைக்கறேன். பொய்யான அறிவிப்பு எப்படிச் சான்றாகும்? அத்தைக்கு இல்லாத இடம் உங்களுக்கும் வேணாம்."

"பெத்த மக மாதிரி வளத்தா பேசற பேச்சப் பாரு."

"வளத்தது அத்தை."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். "ஷட்டரைப் பாதி எறக்குங்கடா, வெளிய போய்ட்டு வரேன்" என்று ஆட்களிடம் சொன்னார்.

அத்தையையும் கூட்டிக்கொண்டு நாளிதழ் அலுவலகத்தின் கவுண்டருக்கு மூவரும் போனோம். அங்கிருந்த பெண் முகத்தைத் துக்கத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு, "இறந்தவங்க யாருங்க?" என்றாள்.

"யாரும் இல்ல. நான் இருக்கேன்னு போடணும்" என்றாள் அத்தை.

பெரியப்பா இருமினார். பாக்கெட்டிலிருந்து பழைய துண்டை எடுத்தார். இங்கேயும் துண்டு! நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை அதை வாங்கி, நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே எழுதிடேன்க்கா. உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

"இந்தத் தடவை நான் எழுதமாட்டேன். நீ எழுது."

அவர் குனிந்து எழுதினார். தாத்தா பெயர். "மூத்த மகள்" என்று எழுதி, அவள் பெயர். பேனா நின்றது.

"பொறந்த வருஷம் போடணும்" என்றாள் கவுண்டர் பெண்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். சலவைப் பிரிவின் ஓய்வுக் கடிதம், பள்ளிக்கூடச் சான்று என்று இரண்டு ஆதாரமும் என் பையிலேயே இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"அவகிட்ட என்ன பாக்கற?" என்றாள் அத்தை. "நான் இங்கதான் நிக்கறேன். என்னைக் கேளு."

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். காது மடல் சிவக்க, என் பெரியப்பா தன் அக்காவிடம் கேட்டார்.