நூறு கலோரி மட்டும்

காலையில் ருசி பார்க்கும் அறையில் மூன்று கிண்ணங்கள் தயாராக இருந்தன. வெள்ளைக் கோட்டு போட்ட மனிதர் முதல் கிண்ணத்திலிருந்து ஒரு சிப்ஸை எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு கடித்தார், நாலு தடவை மென்றார். பிறகு பக்கத்திலிருந்த தொட்டியில் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார். விழுங்குகிற பேச்சே கிடையாது. விழுங்கினால் அடுத்த கிண்ணத்தின் ருசி பிடிபடாது என்பது அவர் தொழில் நியாயம்.

அந்தத் தின்பண்டக் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'நாக்கு சார்'. அவர் "ம்" என்று சொன்னால்தான் சரக்கு பாக்கெட்டுக்குள் போகும். உதட்டைப் பிதுக்கினால் அன்றைய சரக்கு மொத்தமும் குப்பைதான். அரை நூற்றாண்டை நெருங்கியும் தொப்பை போடாத உடம்பு. "தீனிக்கு நடுவுல இருந்துகிட்டு எப்படி சார் இப்படி ஒல்லியா இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "நமக்கு எல்லாம் நாக்கோட சரி. அதுக்குக் கீழ என்ன நடக்குதுங்கிறது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல" என்று சிரிப்பார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கம்பெனியின் மொத்த மனசாட்சியும் அந்த வேடிக்கைக்குள்தான் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு பச்சை பாக்கெட். உள்ளங்கைக்குள் அடங்கும். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'நூறு கலோரி மட்டும்! சர்க்கரை சேர்க்கப்படவில்லை!' என்று போட்டிருக்கும். எடையைக் குறைக்கப் பார்க்கிறவர்கள், சுகர் வந்தவர்கள், டாக்டரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் தேடித் தேடி வாங்கினார்கள். கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டும், அளக்க நேரமில்லை. யாரோ அளந்து கட்டித் தருகிறான் என்றால் வேண்டாம் என்பார்களா?

முதலில் அது நிஜமாகவே நூறுதான். ஆனால் வாயில் போட்டால் அட்டையைக் கடித்தது போல இருந்தது. கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. மேனேஜர் நாக்கு சாரைக் கூப்பிட்டு, "சார், ருசியை ஏத்துங்க. என்ன பண்ணுவீங்களோ தெரியாது, ஒரு பாக்கெட் சாப்பிட்டவன் இன்னொண்ணு கேக்கணும்" என்றார். நாக்கு சார் குளுக்கோஸ் பாகு சேர்த்தார், எண்ணெயைக் கூட்டினார், சிப்ஸைக் கொஞ்சம் தடிமனாக்கினார். தேவாமிர்தமாக வந்தது. நூறு என்பது நூற்றெழுபதைத் தாண்டிப் போனது.

"அப்ப கவர்ல போட்டிருக்கிறது?" என்று அப்போது அவர் கேட்காமல் இல்லை.

"அச்சடிச்ச ரோல் குடோன் நிறைய கிடக்கு சார். அது தீரட்டும், மாத்திக்கலாம்."

தீரட்டும் என்பது தின்பண்டத் தொழிலில் தினமும் புழங்குகிற சொல். சரக்கு மாறும், ரோல் தீர்கிறவரை கவர் மாறாது. இங்கே ரோல் தீரவே இல்லை. தீரத் தீர அதே அச்சில் புது ரோல் வந்து இறங்கியது. நாக்கு சாரும் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் அண்ணி போன் செய்தாள். "தம்பி, வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. உங்க அண்ணன் பண்ணி வச்சிருக்கிற காரியத்தை வந்து பாருங்க."

அண்ணன் பஸ் டிரைவர். சர்க்கரை ஏறிப்போய், டிப்போ டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். அதற்குள் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். நாளைக்கு அந்தக் கெடு முடிகிறது. பயந்துபோய் அண்ணி முன்கூட்டியே வெளியில் ஒரு டெஸ்ட் எடுக்க வைத்திருந்தாள். இறங்க வேண்டிய சுகர் ஏறியிருந்தது.

நாக்கு சார் போனபோது அண்ணன் கூடத்து மூலையில், பனியனோடு, குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணி நின்றுகொண்டே பொரிந்தாள்.

"நான் அளந்து அளந்து சமைக்கிறேன். அவருக்காக நானும் பிள்ளைங்களும் இனிப்பையே கண்ணால பார்க்கறது இல்ல. இவர் வெளிய போய் ஒளிச்சு ஒளிச்சுத் தின்னுட்டு வராரு! இல்லன்னா எப்படித் தம்பி ஏறும்?"

"நான் ஒண்ணும் திங்கலடி" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப காத்தைக் குடிச்சு ஏறிச்சா?"

நாக்கு சாருக்குக் கோபம் தலைக்கேறியது. சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிச் சுமந்த அண்ணன்தான். ஆனால் கோபம் வந்தால் அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது! "ஏண்ணா, இந்த வயசுல நாக்கை அடக்க முடியலையா? ஸ்டியரிங் போச்சுன்னா டிப்போவுல பஸ் கழுவ விடுவாங்க, தெரியுமில்ல? கொஞ்சமாவது கட்டுப்பாடு வேண்டாமா மனுஷனுக்கு?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, அடிபட்ட வலிதான் இருந்தது. "டேய், ஸ்டியரிங் மேல சத்தியமா சொல்றேன். ஒரு டீக்குக் கூட சர்க்கரை போட்டதில்ல."

"சத்தியம் வேற!" என்று அண்ணி உள்ளே ஓடி அவருடைய டூட்டிப் பையைத் தூக்கி வந்து தரையில் கவிழ்த்தாள். துண்டு விழுந்தது, தண்ணீர் பாட்டில் உருண்டது, கண்ணாடிக்கூடு விழுந்தது. அதற்குப் பின்னால் பொலபொலவென்று காலிக் கவர்கள். பஸ்ஸைக் குப்பையாக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் நாலாக மடித்துப் பத்திரப்படுத்தியிருந்தார் அந்த மனிதர். எல்லாம் பச்சை.

"இது தெரிஞ்சதுதான். இது உங்க கம்பெனிது, இதனால ஒண்ணும் ஆகாது" என்று அண்ணி அவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பையின் மற்ற அறைகளைத் துழாவினாள். "மத்ததை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, சொல்லுங்க!"

நாக்கு சார் குனிந்து ஒரு கவரை எடுத்து மடிப்பைப் பிரித்தார்.

"எத்தனைண்ணா சாப்பிடுவ, ஒரு நாளைக்கு?" என்று கேட்டார்.

"மூணு. ரொம்பப் பசிச்சா நாலு" என்றார் அண்ணன். "நூறு நூறா கணக்கு வச்சுத்தான்டா. இது நூறு சேர்ந்துச்சுன்னா சோத்துல நூறைக் குறைச்சிடுவேன். மத்தியானச் சோத்தை முக்கால்வாசி கண்டக்டருக்குத் தள்ளிட்டு இதைத்தான் பிரிப்பேன். கண்டக்டர் கூடக் கிண்டல் பண்ணுவான், என்னண்ணே கொறிச்சே உயிர் வாழறீங்கன்னு. என் தம்பி ருசி பார்த்து அனுப்பறதுடா, கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடலாம்னு சொல்லுவேன்." தம்பியின் முகத்தைப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லதானே தம்பி?"

அந்த ஒரு நொடியில் வாயைத் திறந்திருக்கலாம். அண்ணா, நீ திருடலை, நாங்கதான் திருடினோம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை ருசியைப் பிரித்து அறிந்த நாக்கு அது! கூடப் பிறந்தவன் கேட்கிறான், ஒரு உண்மையைச் சொல்ல அதற்குத் துப்பில்லாமல் போயிற்று. வேலை கண்முன் வந்தது. மேனேஜர் கண்முன் வந்தார். பழக்க தோஷத்தில் வாய் தானாக முணுமுணுத்தது.

"ம்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். "சரி விடு. அப்ப நான்தான் எங்கயோ தெரியாம தின்னிருக்கேன். ஒத்துக்கறேன், போதுமா? திருட்டுத்தனமா தின்னேன்னே வச்சுக்குங்க. வீட்டுல சண்டை வேண்டாம்."

தின்னாததைத் தின்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மனிதன் மனைவி முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். அவன் ரத்தத்தில் சர்க்கரையைக் கலந்தவன் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறான். இதைவிட அநியாயம் உண்டா? நாக்கு சார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை ருசி அறைக்குப் போகாமல் நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், பச்சை பாக்கெட்டோட கவரை இன்னிக்கே நிறுத்தணும். அதுல போட்டிருக்கிறது பொய்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்ன நாக்கு சார், காலங்காத்தால? யாராவது கம்ப்ளெய்ண்ட் பண்ணாங்களா?"

"சுகர்காரங்க அதை நம்பிச் சாப்பிடறாங்க. எங்க அண்ணனே ஒரு நாளைக்கு மூணு, நாலு சாப்பிட்டிருக்காரு."

"நாலா!" மேனேஜர் சிரித்தார். "நாமளா சார் அவர் வாயில திணிச்சோம்? கொஞ்சமாவது கட்டுப்பாடு வேண்டாமா மனுஷனுக்கு?"

நேற்று அண்ணனைப் பார்த்துத் தான் சொன்ன அதே வார்த்தை, எழுத்துக்கு எழுத்து அதேதான். நாக்கு சாருக்கு முகத்தில் யாரோ அறைந்தது போலிருந்தது.

"நீங்கதானே சார் சொன்னீங்க, ஒண்ணு சாப்பிட்டவன் இன்னொண்ணு கேக்கணும்னு? கேக்கற மாதிரி நாம செஞ்சு வைப்போம், கேட்டா அவனுக்குக் கட்டுப்பாடு இல்லைன்னு சொல்லுவோம். நல்லா இருக்கு சார் நியாயம்!"

"சரி சரி, டென்ஷன் ஆகாதீங்க. இதைப் பாருங்க முதல்ல." மேனேஜர் ஒரு கிண்ணத்தை முன்னால் நகர்த்தினார். "சுகர்காரங்களுக்குன்னே ஊதா கலர்ல தனி பாக்கெட் போடப் போறோம். சரக்கு அதே பச்சை பாக்கெட்டோடதுதான், வடிவம் மட்டும் வேற. பேர் கூட வச்சாச்சு, 'நிம்மதி'. நீங்க ஒரு 'ம்' சொன்னா இன்னிக்கே மெஷின் ஓடும்."

நாக்கு சார் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் துப்பவில்லை, விழுங்கினார். இனிப்பு தொண்டை வழியாக இறங்குவதை நன்றாகவே உணர்ந்தார். நாக்குக்குக் கீழேயும் ஒரு உடம்பு இருக்கிறது. அந்த உடம்பை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த மனிதனை நம்பிப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ம்ஹூம்" என்றார்.

"நீங்க இல்லன்னா வேற ஒருத்தன் 'ம்' சொல்லுவான் சார்."

"சொல்லட்டும். என் நாக்கு சொல்லாது." வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேனேஜர் மேஜைமேல் போட்டார். வெளியே வரும்போது வாசலில் அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து நாலு பச்சை பாக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

டிப்போ மருத்துவ அறையில் டாக்டர் அண்ணனைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "நான் இவ்வளவு சொல்லியும் வாயைக் கட்ட முடியலைன்னா நான் என்னய்யா செய்ய முடியும்?" அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார் நாக்கு சார்.

"அவரைத் திட்டாதீங்க டாக்டர். அவர் வாயைக் கட்டித்தான் வச்சிருந்தாரு. பொய் சொன்னது நாங்க." பாக்கெட்டுகளை மேஜைமேல் வைத்தார். "இதுல நூறுன்னு போட்டிருக்கு, உள்ள இருக்கிறது நூத்தியெழுபதுக்கு மேல. சர்க்கரை இல்லைன்னு போட்டிருக்கு, நான்தான் குளுக்கோஸ் பாகு ஊத்தினேன். நேத்து அண்ணன் கேட்டப்போ கூட உண்மையைச் சொல்லலை. அண்ணி, இவர் திருடித் திங்கலை. என் கையாலதான் தின்னிருக்காரு."

அண்ணி பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஐயோ, வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!" என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். "நேத்து நான் பையைக் கவுத்தப்போ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க தம்பி? எப்படி மனசு வந்தது?"

டாக்டர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "இதை நானே எத்தனை பேருக்குச் சாப்பிடலாம்னு சொல்லியிருக்கேன்... ஆனா ஒண்ணு டிரைவரய்யா, காரணம் எதுவானாலும் ரத்தத்துல இருக்கிறது சர்க்கரைதான். இந்த நிலையில உங்களை பஸ் ஓட்ட விட என்னால முடியாது. இறங்கட்டும், மறுபடி பார்க்கலாம்."

உண்மை வெளியே வந்துவிட்டது, ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. பொய் சொன்னவன் ஏசி அறையில் இருக்கிறான், தண்டனை மட்டும் நம்பினவனுக்கு! அண்ணன் தொப்பியை மடித்துப் பையில் வைத்தார். கண்டக்டர்களும் டிரைவர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, மூன்று பேரும் டிப்போ வாசலுக்கு நடந்தார்கள்.

"என்னை அடிச்சிடுண்ணா" என்றார் நாக்கு சார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இப்ப நேரா உணவு ஆய்வு அலுவலகத்துக்குத்தான் போறேன். எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

எதிரே ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது. டிரைவர் எக்கி நின்று போர்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஜனங்கள் அந்தப் போர்டைப் படித்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் தானே மாற்றிய போர்டை அண்ணன் கீழே நின்று பார்த்தார்.

"அடிச்சா சரியாப் போயிடுமா? நட, நானும் வரேன்" என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்டா புரியலை. நான் போர்டுல ஒரு ஊரைப் போட்டுட்டு வேற ஊருக்கு பஸ்ஸை விட்டா, என்னைச் சும்மா விடுவாங்களா? பஸ்ஸை மறிச்சு என்னைக் கீழ இறக்கிடுவாங்க. போர்டை நம்பி ஏறினவனைப் பார்த்து, உனக்கு ஏன்டா கட்டுப்பாடு இல்லைன்னு யாராவது கேப்பாங்களா? கவர்ல போடறதும் போர்டு மாதிரிதான்டா. தின்னவனைத் திட்டறதுக்கு முன்னாடி, அதை எழுதினவனைப் பிடிச்சுக் கேளுங்க."