கயிற்றுக்கு அந்தப் பக்கம்

என் மாமனார் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் இல்லை. இப்போதுதான் இப்படி. விடிந்ததிலிருந்து பின்கட்டுக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டார். தூக்கத்தை மறந்தே போய்விட்டார், நானும்தான்.

இது அவர் பிறந்த வீடு. மில் முதலாளியாக இருந்த அவருடைய அப்பா கட்டியது. இன்றைக்கு அருங்காட்சியகம். முன்கட்டு முழுவதும் அறக்கட்டளைக்குப் போய்விட்டது. பின்கட்டில் இரண்டு அறைகளில் நாங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். என் கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். மாமனாரை மேய்ப்பது என் தலையில்.

"இன்னொரு தடவை உங்க மாமா கயிறைத் தாண்டினா, ரூமைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்று நிர்வாகி போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். பெரியவர், அதாவது மாமனாரின் அப்பா, இருந்த ஆபீஸ் அறையில், மேஜையைச் சுற்றி அந்தச் சிவப்புக் கயிறு. மேஜைமேல் மூக்குக்கண்ணாடி, பேனா, பாதி குடித்து வைத்த மாதிரி ஒரு கோப்பை. செத்தவர் கை கழுவப் போயிருக்கிறார் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். நல்ல கூத்து!

அன்று அடுப்பில் பால் பொங்கியது. இறக்கிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். முன்கட்டுக்கு ஓடினேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், காலி நாற்காலிக்கு எதிரே, கைகட்டி நின்றிருந்தார். பார்க்க வந்தவர்கள் இதுவும் காட்சியில் சேர்த்தி என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மாமா, வாங்க. சாப்பாடு ஆறிப்போகுது."

"அப்பா இன்னும் போகச் சொல்லலையேம்மா."

இந்த வீட்டுச் சட்டம் அது. பெரியவர் முன்னால் போய் நின்றால், வந்த விஷயத்தைச் சொல்லி, அவர் 'போ' என்கிற வரை நகரக் கூடாது. மகனுக்கும் அதேதான், மானேஜருக்கும் அதேதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாரே சிரித்துக்கொண்டு சொன்னது.

"ஐயா, வெளிய வாங்க!" நிர்வாகி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். மாமனார் தள்ளாடினார்.

எனக்கு வந்ததே கோபம். கயிற்றைத் தாண்டினேன். பெரியவரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன விஷயம்? சொல்லு."

மாமனாரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலை நிமிரவில்லை.

"மில்லை மூடிட்டேன்பா. ஆளுங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டேன். எவ்வளவோ பார்த்தேன்... என்னால முடியல."

மூடி எத்தனையோ வருஷமாகிறது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. என் கணவர் அதற்காக இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாவம், மனுஷன் இதைச் சொல்லத்தான் இப்படி அலைந்துகொண்டிருந்திருக்கிறார்.

"தெரியும்" என்றேன். "நானா இருந்தாலும் மூடித்தான் இருப்பேன். போ. போய்ச் சாப்பிடு."

அவர் தலையாட்டிவிட்டு, கயிற்றை மெதுவாகத் தாண்டி, பின்கட்டுப் பக்கம் நடந்தார்.

"நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் நிர்வாகி.

"சரி சார், காலி பண்ணிடறோம்" என்றேன்.

மத்தியானம் மாமனார் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். நான் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தேன். பாத்திரங்களைத் தொடவில்லை. சத்தம் கேட்டு அவர் எழுந்துவிடுவார்.