ஏழாம் பாட்டில்

சைமியின் பாட்டில்களில் மண்ணிலிருந்து வந்த தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ராய்லியின் பாட்டில்களில் வெளிறிய தேநீர்போல. போன வசந்தத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்து ராய்லிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

வடதுருவத்தை ஒட்டிய லாப்லாந்துக் காட்டில், ஊசியிலை ஸ்புரூஸ் மரங்களின் அடியில், மண் ஆய்வுக்காக அந்த இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு பாத்தி. ராய்லியின் பாத்தியில் விழுந்த பனி அப்படியே கிடக்கும். சைமியின் பாத்தியில் குளிர்காலம் முழுக்கப் பனியை அள்ளி எறிந்துவிடுவார்கள்; இனி வரப்போகும் பனி குறைந்த குளிர்காலங்களுக்கு ஒத்திகை. போர்வை இழந்த மண் ஆழம்வரை உறையும், வேர்கள் நைந்துபோகும், வசந்தத்தில் உருகும் நீரில் கரிமம் கரைந்து பழுப்பாகக் கீழே இறங்கும். புதைத்த குழாய்கள் அதை உறிஞ்சிப் பாட்டிலில் சேர்க்கும்.

பதினோரு வருடமாக ராய்லி காத்துவந்தது எதுவுமே நடக்காத ஒரு பாத்தியை. இரண்டு வருடம் முன்பு வந்த சைமிக்கோ எல்லாமே நடந்தது. அடுத்த இலையுதிர் காலத்துக்குப் பிறகு இருவரில் ஒருவருக்குத்தான் வேலை என்று ஆய்வுத் தலைவர் ஆர்வோ சொல்லியும் விட்டார்.

அந்தக் குளிர்காலம் ராய்லியால் இருப்புக்கொள்ள முடியவில்லை. சைமியின் பாத்தி ஓரம் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே நீலத் தண்ணீர். மண் எவ்வளவு ஆழம் உறைகிறதோ அவ்வளவுக்கு நீலம் வெளுத்துவிடும். தினமும் மதியம், சைமி சாப்பிடப் போனதும், ராய்லி பனிச்சறுக்குக் கட்டைகளில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பாத்திகளை மிதிக்காமல் போகப் போட்ட பலகைப் பாதை சுற்றுவழி. அவள் தன் பாத்தியின் குறுக்கே போனாள்.

மே மாதம் அவளுடைய பாட்டில்களில் ஏழாவது மட்டும் கடுங்காப்பி நிறத்தில் வந்தது.

"பனி மூடின மண்ணுலயே இப்படியா!" ஆர்வோ பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துள்ளினார். "ராய்லி, வேலை உனக்குத்தான்!"

சைமியின் முகம் சுருங்கியதை ராய்லி பார்த்தாள். அன்று ஏலக்காய் ரொட்டி இரண்டு கூடுதலாகத் தின்றாள்.

மறுநாள் பாத்திக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பனி அநேகமாக உருகிவிட்டிருந்தது. அழுந்திக் கெட்டியான தடம் மட்டும் உருகாமல், வெள்ளைக் கோடாகப் புடைத்துக்கொண்டு, அவள் குடிசையிலிருந்து நேராகச் சைமியின் கண்ணாடிக் குழாய்வரை போனது. நடுவில், சரியாக அதன் அடியில், ஏழாம் குழாய். மிதித்த பனி போர்வையாகாது. அங்கே மண் உறைந்தது அவளால்.

மண்வாரியை எடுத்தாள். இரண்டு நாள் விட்டால் தானே கரைந்துவிடும் என்றும் தோன்றியது. ஆனால் ஏழாம் பாட்டிலின் தப்பான அளவு பதினோரு வருடக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கணக்கு ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

"என்ன, கோடு அழிக்கிறியா?" பின்னால் சைமி.

"நீ எப்போ வந்தே?"

"குளிர்காலம் பூரா இந்தத் தடத்தப் பாத்துட்டுத்தான் இருந்தேன். மொதல்ல காட்டுமான்னு நெனச்சேன். மான் தெனம் சரியா பன்னெண்டு மணிக்கா வரும்?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"என் குழாயைப் பாக்கவும் ஒரு ஆள் வருதேன்னு ஒரு பெருமைதான்."

ராய்லி மண்வாரியைக் கீழே போட்டாள். நேராக ஆர்வோவிடம் போனாள். "ஏழாம் பாட்டிலுக்குக் காரணம் பருவநிலையில்ல. நான்தான். பாத்திக்குள்ள நடந்துட்டேன்."

ஆர்வோ ஏழாம் பாட்டிலை எடுத்துத் தனியே வைத்தார். பிறகு அவர் கண் மெல்ல மின்னியது. "மிதிச்ச பனி... மூணாவது பாத்தி ஒண்ணு போடலாமே. சைமி பாத்துக்கட்டும்."

வேலையும் சைமிக்கே போனது.

இலையுதிர் காலத்தில் ராய்லி பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சைமி வாசலில் வந்து நின்றாள். "டிசம்பர்ல மிதிக்க ஆள் வேணும். உனக்குப் பழகின காலு. வர்றியா?"

"போடி" என்றாள் ராய்லி.

ஆனால் அவள் கண் ஜன்னல் வழியே அந்தக் கண்ணாடிக் குழாய்க்குத்தான் போனது.