ஐம்பதாவது நரம்பு

எங்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சி நர்ஸ் ஊசியை எடுத்தால் நோயாளியின் நரம்பு கையைவிட்டு இறங்கிப் போய்விடும். தேறிய நர்ஸ் வந்தால் போகாது. இதில் நோயாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கை அது பாட்டுக்குக் கட்டில்மேல்தான் கிடக்கும். நரம்பு மட்டும் நேரே கீழே கேண்டீனுக்குப் போய் மோர் குடிக்கும்.

நான் முப்பிடாதி. அங்கே ஒன்பது வருஷம் ஆயாவாகத் தரை துடைத்தவள். வேலை பார்த்துக்கொண்டே நர்ஸ் ஆகலாம் என்று நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. காலையில் துடைப்பேன். மத்தியானம் வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு குத்துவேன். சனிக்கிழமைக்குள் ஐம்பது நரம்பில் ஊசி ஏற்றி நோட்டில் பதிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் முதல் வருஷத்திலிருந்து மறுபடி படிக்கணும். வெள்ளிக்கிழமை வரை நாற்பத்தொன்பது ஆகியிருந்தது. எல்லாம் கெஞ்சிக் கொஞ்சிக் கூட்டிவந்தவை. இரண்டை முந்தானையில் முடிந்து தூக்கிவந்தேன், பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் கட்டில் கோமதிநாயகம் சார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மூன்று நாள் வயிற்றுப்போக்கில் நாக்கு வறண்டு கிடந்தார்.

"குத்தும்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவருடைய நரம்பு என்னை ஏற இறங்கப் பார்த்தது. இறங்கி நடந்துவிட்டது.

கேண்டீனில் கடைசிப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. மொத்தமே ஒரு சாண் நீளம்தான், அதற்குள் கால்மேல் கால் வேறு.

"வாங்க சார். மேல சார் வாடிப்போய்க் கிடக்காங்க" என்றேன்.

"படிச்சு முடிச்சிட்டு வா, வாரேன்."

"நீங்க வந்தாத்தானே நான் முடிக்க முடியும்?"

"அது உன் பாடு. நீ குத்துவே. கிடைக்கலைன்னா உள்ளேயே போட்டுக் கிண்டுவே. நான் என்ன உப்புமாவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாசமாப் போக என்று வாய்வரை வந்தது. ஹெட்மாஸ்டர் நரம்பாயிற்றே என்று விழுங்கினேன். மாடிக்குப் போய் மருந்து அறையில் நின்று ஓவென்று அழுதேன். ஒன்பது வருஷம் இவர்கள் வாந்தியை வழித்துப்போட்டவள் நான். ஒரு நரம்புக்கு என்ன கொழுப்பு! மறுபடி கேட்டுத்தான் பார்ப்போம் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊசி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பெஞ்சுப் பக்கம் போன பிறகுதான் பார்க்கிறேன், கையில் இருப்பது ட்ரே இல்லை, தரை துடைக்கும் மாப்பு. பழக்கம் அப்படி.

வாயும் பழக்கத்தில், "காலைத் தூக்குங்க, ஓரமாப் போங்க" என்றது.

நரம்பு பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலைத் தூக்கியது, ஓரமாக நகர்ந்தது. துடைக்கிறவளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நரம்பு மட்டும் பார்த்துவிடுமா? ஓர் இழுப்பு இழுத்தேன். இன்னும் நகர்ந்தது. கேண்டீன் வாசல், படி, வராந்தா, வார்டு என்று துடைத்துக்கொண்டே போனேன். "ஓரமா, இன்னும் ஓரமா." பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்ததும், "அந்தக் கையில ஏறிக்கோங்க, ஈரம் காயட்டும்" என்றேன்.

ஏறிப் படுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பியது. மாப்பைச் சுவரில் சாய்த்தேன். மருந்து அறையில் விட்ட ட்ரேயை எடுத்துவந்து, கையைக் கழுவி, ஸ்பிரிட் தடவி, ஒரே குத்து. ஊசிக் குழாயில் ரத்தம் பளிச்சென்று ஏறியது. குளுக்கோஸை மாட்டினேன்.

"அடிப்பாவி" என்றது நரம்பு. வலித்ததாகச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பாடம் எடுக்கும் ஜெபராணி சிஸ்டர் நோட்டோடு வந்தார். "என்னட்டி, வெள்ளைச் சேலையில மாப்பு?"

"நரம்பு கிடைச்சிட்டு சிஸ்டர்."

குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை தேறிய நர்ஸாக வார்டுக்குள் நுழைந்தேன். ஒரு நரம்பும் அசையவில்லை. என் பழைய வேலைக்குச் சுடலைவடிவு என்ற பெண்ணைப் பயிற்சி ஆயாவாக எடுத்திருந்தார்கள். அவள் மாப்பை வாளியில் நனைத்ததுதான் தாமதம், வார்டுத் தரை எழுந்து படியிறங்கிப் போய்விட்டது. அவள் வாளியோடு கீழ்த்தளத்தில் போய் விழுந்தாள். தரையைத் தேடிப் போக வேண்டியவளுக்கு அதுவும் பக்கம்தான். நாங்கள் கட்டில்களில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். பெரிய டாக்டர் ஜன்னல் வழியாக ரவுண்ட்ஸ் வந்தார்.

"சிஸ்டர், பன்னிரண்டுக்கு பிபி எவ்வளவு?"

என்னைத்தான் கேட்டார். நூற்றுப்பத்துக்கு எழுபது என்றேன்.