மரம் தெரியும் ஜன்னல்

கடைசி இரண்டு முட்டைகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. அடுப்பையும் ஒரு சின்னப் பாத்திரத்தையும் தவிர அந்தச் சமையலறையில் எல்லாவற்றையும் கட்டியாகிவிட்டது.

"முட்டையை லாரியில ஏத்த முடியாது. வயித்துல ஏத்திக்கிட்டா உடையாது," என்றாள்.

தம்பி வாசல் நிலையில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பேருந்துப் பணிமனையில் முப்பது வருடமாக அவனுக்கு அதுதான் வேலை. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதி, இப்போது ஐம்பத்தெட்டு வயதில், வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடிவதில்லை.

"பத்தேகாலுக்கு வரேன்னான் லாரிக்காரன். இப்ப பத்து இருபத்திரண்டு."

"எழுதி வச்சுக்கோ. சாயங்காலம் விளக்கம் கேக்கலாம்."

அக்காவுக்கு அறுபத்தாறு. ரயில் பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களும் ஓய்ந்துபோய் இருபது வருடம் ஆகிறது. மூன்றாவது மாடியில் இருந்த இந்த வீட்டை அவர்கள் காலி செய்வதற்கு அவளுடைய மூட்டுவலிதான் காரணம். கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தது, எட்டுத் தெரு தள்ளி. அவன்தான் போய்ப் பார்த்து முடித்துவிட்டு வந்தான்.

கூடம் முழுக்க அவள் கட்டிய பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தடித்த பேனாவால் எழுதியிருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. "அது திருடனுக்குத்தான் உபயோகம். எப்பத் திறக்கணும்னு எழுதணும்," என்பாள். அதன்படி 'இன்னிக்கு டீ', 'முதல் ராத்திரி', 'யாராவது வந்தா', 'மழை பெஞ்சா', 'எங்கேயாவது கூப்பிட்டா' என்று வரிசையாக நின்றன. அவனுடைய பழைய கால அட்டவணைப் புத்தகங்களைத் தூக்கிப் போடுவது பற்றி நடந்த சண்டை முடியாததால், அவற்றின் மேல் 'கோபம் ஆறினப்புறம்' என்று இருந்தது.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை மட்டும் அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. அதில் 'சமையலறை ஜன்னல். நான் மட்டும்' என்று எழுதியிருந்தது.

திரைச்சீலை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

புது வீட்டைப் பற்றி அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா? இருக்கிறது என்றான். அது பொய்யில்லை. அதில் என்ன தெரியும் என்று கேட்டாள். பக்கத்துக் கட்டடத்தின் பின்சுவர் தெரியும். ஜன்னலைத் திறந்தால் ஒரு ஜாண் தூரத்தில் சுவர். வீடு தேடி நான்கு மாதம் அலைந்த களைப்பில், "மரம் தெரியும்" என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு இரண்டு மாதமாக அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பெரிய மரமா? பெரிசுதான். இலை உதிருமா? கொஞ்சம்.

முட்டையை உரித்துக்கொண்டே இன்றைக்கும் கேட்டாள்.

"ஏன்டா கடிகாரம், அந்த மரத்துல காக்கா உக்காருமா?"

"உக்காரும்."

"எத்தனை?"

"நான் என்ன எண்ணிட்டா வந்தேன்?"

"நீயா எண்ணாம வருவே?" என்று சிரித்தாள். ஒரு முட்டையைத் தின்றாள். இன்னொன்றை உரிக்காமல் அவனிடம் நீட்டினாள். "அப்புறம் சாப்பிடறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்று மாலை டீ குடிக்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். 'அக்கா, மரம்னு சொன்னேன்ல' என்று தொடங்குவதாக இருந்தான். அதற்கு அடுத்த வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.

லாரி வந்தது. அக்கா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையில் செருப்புப் பெட்டியோடு, படிப்படியாக உட்கார்ந்து எழுந்து மூன்று மாடியும் இறங்கினாள். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும், "இறங்கியாச்சு. இனி யார் கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்," என்றாள். பீரோவைச் சுமந்து வந்தவர்களிடம், "தம்பிங்களா, கதவுப் பக்கம் மேல பாத்து இருக்கட்டும். வானம் மூடிட்டு இருக்கு, தார்ப்பாய் இருக்கில்ல?" என்று கேட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"டேய், கேஸை மூடினேனான்னு பாத்துட்டு வா."

"மூடினே. நான் பாத்தேன்."

"மறுபடி பாரு. உனக்கென்ன, முட்டி நல்லாத்தானே இருக்கு."

ஏறினான். கேஸ் மூடியிருந்தது. முட்டை வெந்த தண்ணீர் பாத்திரத்தில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கொட்டி, அடுப்பைத் தூக்க ஆளிடம் சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

நாற்காலியில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கை பெட்டியின் மேல் இருந்தபடியே இருந்தது. "அம்மா தூங்கிட்டாங்க போல" என்றான் சுமை தூக்குபவர்களில் ஒருவன், குரலைத் தாழ்த்தி. தம்பி அவளைத் தொட்டான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பதினேழு.

தெருமுனை கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். "இதயம் நின்னுடுச்சு. கஷ்டப்படலை," என்றார். இறப்புச் சான்றுக்கான காகிதம் எழுதிக் கொடுத்தார். அதை வாங்குவதற்காகத்தான் கையிலிருந்த பாத்திரத்தை அவன் கீழே வைத்தான்.

"எங்க கொண்டு போகணும்?" என்று கேட்டார் லாரிக்காரர்.

மேலே வீடு காலியாக இருந்தது. நாலு மணிக்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். மூன்று மாடி. ஏற மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். எட்டுத் தெரு தள்ளி, ஒரு ஜாணில் சுவர் தெரியும் வீடு.

"கட்டிலும் மெத்தையும் கடைசியாத்தான் ஏத்தினோம் சார். விரிச்சு விடறோம்," என்றார் லாரிக்காரர். "மெதுவா ஓட்டறேன்."

பெட்டிகளுக்கு நடுவில் மெத்தையில் அவள். பக்கத்தில் அவன், மடியில் செருப்புப் பெட்டி. லாரி பணிமனையைத் தாண்டும்போது ஒரு பேருந்து வெளியே வந்தது. நாலு நிமிடம் தாமதம்.

புது வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் பூட்டத் திருகாணி இல்லை. தேடவேண்டியிருக்கவில்லை. 'முதல் ராத்திரி' பெட்டியைப் பிரித்தால் துணிப்பையில் திருகாணிகள், திருப்புளி, துவைத்த விரிப்பு, டார்ச், இரண்டு தலையணை உறை. பகல் ஒரு மணிக்கு அந்தப் பெட்டி காலியானது.

தராசு வந்தாள். பார்சல் ஆபீஸில் எடை போடும் இடத்தில் அக்காவோடு இருபத்தாறு வருடம் நின்றவள். அக்கா வைத்த பட்டப்பெயர் அது; இயற்பெயர் அவனுக்கு ஞாபகம் இல்லை. வந்து கட்டிலோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்ல புடவை எதுல வச்சிருக்கா?"

அவன் 'எங்கேயாவது கூப்பிட்டா' பெட்டியைக் காட்டினான். தராசு அதைப் படித்தாள். மறுபடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்கள் வரத் தொடங்கியதும் 'யாராவது வந்தா' பெட்டி பிரிந்தது. பன்னிரண்டு டம்ளர், டீத்தூள், சர்க்கரை, வடிகட்டி. தராசு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். விளக்குப் போடும் சத்தம் கேட்டது. ஜன்னல் திறக்கும் சத்தமும் கேட்டது.

"என்னடா இது, குகையாட்டம் இருக்கு? திறந்தா சுவர் மூஞ்சில இடிக்குது! மரம் தெரியும்னு என்கிட்ட சொன்னாளே?"

அவன் உள்ளே போய் டம்ளர்களைக் கழுவினான்.

"அவ வந்து பாத்தாளா?"

"இல்ல."

"நீ சொன்னியா?"

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றான் அவன்.

தராசு அவனைப் பார்த்தாள். பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தாள்.

கூடத்தில் பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவர் கேட்டார். காலையில் ஆறிலிருந்து எட்டு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கீழ்வீடு என்றால் கொசு இருக்கும், ஆனால் சௌகரியம் என்றாள் இன்னொருத்தி. "காத்து வருதா?" "வருது." "வாசல் நல்ல அகலம்." "ஆமா." பணிமனையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று கேட்டபோது மட்டும் அவன் சரியாகப் பதில் சொன்னான். நாளை காலை பத்து.

பத்து ஆறுக்கு எடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. 'மழை பெஞ்சா' பெட்டியில் இரண்டு குடைகளும் ஒரு பழைய துண்டும் இருந்தன. ஒரு குடையை அவன் யாரிடமோ கொடுத்தான். அது திரும்பி வரவில்லை.

மத்தியானம் எல்லாரும் போனபிறகு தராசு சோற்றை மூடி வைத்தாள். "சூடு பண்ணாம சாப்பிடாதே. இந்தப் பெட்டியெல்லாம் ஒரே நாள்ல பிரிக்காதே. ஞாயித்துக்கிழமை வரேன்." வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, "ஈரச் சட்டையை மாத்துடா," என்றாள்.

நேற்றைய சட்டை கொடியில் தொங்கியது. பையில் முட்டை. ஓடு ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். மணி இரண்டரைதான். உள்ளே இருட்டாக இருந்தது. கூரை நடுவிலிருந்த விளக்கைப் போட்டான். அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றால் தன் நிழல்தான் மேடையில் விழுந்தது. அங்கே செருப்புப் பெட்டி இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று நினைவில்லை.

'நான் மட்டும்' என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நாடாவைக் கிழித்தான்.

திரைச்சீலை இல்லை. ஓரடி நீளத்தில் சின்ன ட்யூப்லைட். அதை மாட்டும் பட்டை, நாலு திருகாணி, முனையில் பிளக் மாட்டிய ஒயர். பார்சல் ஆபீஸில் கயிற்றைச் சுற்றுவதுபோல ஒயரைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தாள். நூலில் ஒரு துண்டுக் காகிதம். அவள் கையெழுத்து. 'சுவிட்சிலிருந்து ஜன்னல் மேல்விளிம்பு வரை பதினோரு ஜாண்.'

அவன் சுவிட்சில் கட்டைவிரலை வைத்து அளந்தான். அவன் கைக்கு ஒன்பதரை வந்தது. அவள் கை சின்னது. அவளுக்குப் பதினொன்று வந்திருக்கும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பியவள், மத்தியானம் திரும்பி வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். "கண்ணு நல்லாத்தான் தெரியுதாம். எதையும் ஒளிக்க முடியாதாம்," என்றாள். சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டே மரம் பூக்குமா என்று கேட்டாள். பூக்கும் என்றான்.

'முதல் ராத்திரி' பெட்டியில் வந்த திருப்புளியைக் கூடத்திலிருந்து எடுத்துவந்தான். நாற்காலியில் ஏறிப் பட்டையை ஜன்னலுக்கு மேல் முடுக்கினான். ஒயர் இழுக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை. சுவிட்சைப் போட்டான். இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. மேடை, அடுப்பு, கழுவிக் கவிழ்த்த பன்னிரண்டு டம்ளர் எல்லாம் தெரிந்தன.

முட்டையை உரித்தான். உப்பு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியவில்லை. உப்பில்லாமலே, நின்றபடி தின்றான்.

"அக்கா, மரம்னு சொன்னேன்ல," என்றான்.

குழாய் சொட்டியது. அதை இறுக்கினான். முட்டை ஓட்டைக் கூட்டி அள்ளினான். பிறகு ஜன்னலைத் திறந்தான்.

ஒரு ஜாண் தள்ளி, மழையில் நனைந்து, சுவர் இருந்தது.