மெஷின் பங்கு

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, நகரின் நீரேற்று நிலையத்துக்குப் பின்னால், காற்றில் சாய்ந்த தைல மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்த தொழிலாளி, செயின் ரம்பம் எகிறிக் கழுத்தில் பட்டு இறந்தார். ரம்பத்தில் முன்பக்கத் தடுப்பு இல்லை.

போலீஸ் ரம்பத்தைத் திருப்பித் தர ஜூன் ஆகிவிட்டது. சாக்கில் கட்டி, வாயில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, இறந்தவரின் தம்பியிடம் கொடுத்தார்கள். அவனும் மரம் அறுப்பவன்தான். சொந்த ரம்பம் இல்லாததால், அண்ணனுடையது போலீஸிடம் இருந்த மாதங்களில் அடுத்தவர் அறுத்துப் போட்ட கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தான். சாக்கைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. அண்ணி வீட்டில் இறக்கினான். அவர் அதை வாசலுக்குப் பக்கத்தில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். அண்ணன் வேலை முடிந்து வந்து வைக்கும் இடம்.

ஒரு வாரம் கழித்து அண்ணியே கூப்பிட்டனுப்பினார்.

"அதை எடுத்துட்டுப் போங்க தம்பி. வீடெல்லாம் பெட்ரோல் வாசம். அவர் வெச்சிட்டுக் குளிக்கப் போன மாதிரியே இருக்கு. சாயங்காலமானா பாத்ரூம் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"வித்துடட்டுமா அண்ணி?"

"விக்கச் சொல்லல. வேலைக்கு எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றேன்."

அவர் எதைச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. மரம் அறுக்கும் கோஷ்டிகளில் கூலியைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, மெஷினுக்கு ஒரு பங்கு. மெஷின் யாருடையதோ அவருக்கு அது போகும். அண்ணனின் மெஷின் ஓடினால் அந்தப் பங்கு அண்ணிக்கு வரும். அவன் புதிதாக ஒன்று வாங்கினால் பங்கு அவனுடையது. அண்ணிக்கு வேறு வரும்படி கிடையாது.

"புதுசு வாங்கினாலும் அந்தப் பங்கை உங்ககிட்டயே குடுத்துடறேன்," என்றான்.

"உங்க மெஷின் பங்கை நான் வாங்கினா அதுக்குப் பேர் வேற. இது ஓடினா அவர் சம்பாதிக்கிறதா இருக்கும்."

சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் கிளம்பினான்.

மெக்கானிக்கின் கடை ஒரு தகரக் கொட்டகை. அண்ணியும் கூட வந்தார். மெக்கானிக் சாக்கை அவிழ்த்து ரம்பத்தை மேஜை மேல் கிடத்தினார். கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. சைலன்சரில் அண்ணன் போட்ட ஓட்டைகள். மூடிக்குக் கம்பி முறுக்கு.

"உங்க அண்ணன் இதை மெஷினாவா வெச்சிருந்தான்? ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி வெச்சிருக்கான்."

"ஓடும்ல?"

"ஓடும். ஓடாம எங்க போகும். இங்க கிடக்கிற பழைய மெஷின்லேருந்து ஒரு தடுப்பு கழட்டி மாட்டறேன். கம்பெனிக்காரன் பாத்தா தலையில அடிச்சுக்குவான், ஆனா வேலை செய்யும்."

டாங்கில் அண்ணன் ஊற்றிய பெட்ரோல் பாதி இருந்தது. புளித்துப்போன வாடை அடித்தது. மெக்கானிக் அதைத் தகர டப்பாவில் கவிழ்த்தார். அது கடைசிச் சொட்டு வரை வடிய வெகுநேரம் ஆனது. பிறகு செயின் மூடியைத் திறந்தார். எண்ணெயில் ஊறிய மரத்தூள் கட்டிகட்டியாக விழுந்தது. அதற்குள் நீலநிற நூல்கள். மெக்கானிக் பழைய துணியை எடுத்து அதன் மேல் போட்டு, மொத்தமாகச் சுருட்டித் தன் காலுக்கடியில் தள்ளினார். அண்ணி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளையவன் மட்டும் பார்த்தான். நீலச் சட்டைதான் அன்றைக்கு.

தடுப்பு பொருந்தியதும் மெக்கானிக் அவனைக் கொல்லையில் கிடந்த ஒரு கட்டையில் அறுத்துப் பார்க்கச் சொன்னார். இந்தத் தடுப்பு இருப்பது ஒரே காரணத்துக்காக. ரம்பம் மேலே எகிறினால் மணிக்கட்டு அதில் இடிக்கும், செயின் உடனே நின்றுவிடும்.

கயிற்றை இழுத்தான். சில இழுப்புகளில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. அண்ணி உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

கட்டையில் வைத்தான். டக்கென்று செயின் நின்றது. மணிக்கட்டு தடுப்பில் இடித்திருந்தது. தடுப்பை விடுவித்து மறுபடி வைத்தான். மறுபடி நின்றது.

மெக்கானிக் கிட்டே வந்து எஞ்சினை அணைத்தார்.

"நீ எந்தக் கைக்காரன்?"

"வலதுதான். ஏன்?"

"பின்ன ஏன் இடது கையால பிடிக்கிற?"

இளையவன் குனிந்து பார்த்தான். விசையில் இடது கை. முன்பிடியில் வலது கை. எல்லா ரம்பமும் இதற்கு நேர்மாறாகப் பிடிக்கச் செய்தவை.

"அண்ணன் இப்படித்தான் பிடிப்பாரு. எதிர நின்னு பாத்துக் கத்துக்கல, பின்னாடி நின்னு அவர் கை மேல கை வெச்சுக் கத்துக்கிட்டேன்."

"அவன் பிறவியிலேயே இடது கை. உனக்கென்ன வேண்டுதலா? இப்படிப் பிடிச்சா கை இடிக்கத்தான் செய்யும். தலை வேற செயினுக்கு நேரா வருது. மாத்திப் பிடி."

மாற்றிப் பிடித்தான். யாரோ ஒருவருடைய கைகளை இரவல் வாங்கியதுபோல் இருந்தது. வெட்டு கோணலாகப் போனது. இன்னொரு முறை. பரவாயில்லை. அதற்கடுத்த முறை வெட்டு நேராக, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது டக்கென்று நின்றது. கைகள் எப்போது இடம் மாறின என்று அவனுக்குத் தெரியவில்லை.

எஞ்சினை அணைத்து ரம்பத்தைக் கட்டை மேல் வைத்தான்.

"இந்தத் தடுப்பைக் கழட்டிடுங்கண்ணே. அது இல்லாம நல்லா ஓடும். சும்மா கையை இடிக்குது."

அண்ணி எழுந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் தான் என்ன சொன்னோம் என்பது இளையவனுக்கு உறைத்தது.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல அண்ணி, பழகிட்டா சரியாயிடும்."

"அதையும் சொல்லிட்டீங்க. தடுப்பைக் கழட்டினப்ப அவரும் முதல்ல சொன்னது அது, ரெண்டாவதா சொன்னது இது. வாங்கின புதுசுல, நம்ம வீட்டு வாசப்படியில உக்காந்து, ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு." மெக்கானிக் பக்கம் திரும்பினார். "இதைப் பிரிச்சிடுங்க."

"ஏம்மா, இப்பத்தானே மாட்டினேன்?"

"பிரிச்சிடுங்க. என்ன உதவுமோ எடுத்துக்கங்க. முழுசா யாருக்கும் குடுக்காதீங்க."

"பங்கு, அண்ணி?" என்றான் இளையவன்.

"பங்கை நான் பாத்துக்கறேன். நீங்க கையைப் பாத்துக்கங்க."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "புதுசு வாங்கினாலும் இதே கைதானம்மா அதையும் பிடிக்கும்?"

"அதுல இவர் கை மட்டும் இருக்கும்ல. மெதுவா மாறட்டும்."

மெஷின் அன்று மாலையே பிரிக்கப்பட்டது. ஜூலையில் இளையவன் தவணையில் புது ரம்பம் வாங்கினான். கை மாற்றிப் பிடித்ததில் அவன் அறுக்கும் வேகம் பாதியாகக் குறைந்ததால் கோஷ்டித் தலைவர் அவனைப் பெரிய மரங்களுக்குக் கூப்பிடுவதில்லை. அண்ணி ஒரு சலவைக் கூடத்தில் துணி மடிக்கும் வேலையில் சேர்ந்தார்.