வாரா வாரம் மூன்றாம் ஓலை

கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் சகாய ஆனந்தின் கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை வாசிக்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கிற அறிவிப்பு. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் எல்லோருக்கும் போல ஒரு முறைதான் வாசிக்கப்பட்டன. மூன்றாவது மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிகிற நேரத்தில் வருகிறது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்து முடித்ததும் கோயிலே திரும்பி நித்யா மேரியைப் பார்க்கும். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தைப் பார்ப்பாள். ஒரு நாளும் எழுந்து போய் எதுவும் சொன்னதில்லை.

நித்யா மேரி செம்மண்டலத்துப் பெண். சிதம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சகாய ஆனந்துக்கு முதலில் நிச்சயம் செய்தது இவளைத்தான். அவனுக்கும் சிதம்பரத்தில்தான் வேலை, குடிதண்ணீர் மெஷின் ரிப்பேர் பார்ப்பது. போனில் லிஸ்ட் போடாமல் பல்கூட விளக்க மாட்டான். நிச்சயமான அன்றே 'கல்யாணம்' என்று ஒரு லிஸ்ட் திறந்து அவளுக்கும் ஷேர் செய்தான். மண்டபம், பிரியாணிக்கு ஆடு, மூன்று ஓலை என்று ஒவ்வொன்றும் தேதியோடும் பொறுப்பாளர் பெயரோடும் இருந்தது. ஒருவர் டிக் போட்டால் மற்றவர் போனில் மணி அடிக்கும். ஒரு நாள் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது அவள் போனில் மணி அடித்தது. 'ரேகா வீட்டில் பேசி முடித்ததை நித்யாவிடம் சொல்ல வேண்டும்' என்று புதிதாக ஒரு வரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு டிக் விழுந்தது. அவன் அவளிடம் எதையும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. டிக் போட்டாயிற்று, அவனைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது.

அதோடு விட்டானா, அதே லிஸ்ட்டில் பெண்ணின் பெயரை மட்டும் ரேகா என்று மாற்றிவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்த்தான். அவளை ஷேரிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. நித்யா மேரிக்கு வயிறு எரிந்தது. சண்டைக்கு ஆள் திரட்டிக்கொண்டு போகவில்லை. 'மூன்றாம் ஓலை' என்ற வரியைத் தொட்டு, 'வாரந்தோறும்' என்று மாற்றினாள். முடிவுத் தேதி கேட்ட இடத்தை வெறுமையாக விட்டாள்.

அந்த வாரம் கல்யாணம் நடக்கவில்லை, யாரும் அதை நிறுத்தவும் இல்லை. மண்டபக்காரர் அடுத்த வாரம்தானே என்றார். சமையல்காரரும் அதையே சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா சவரிமேரிகூட அடுத்த வாரத்துக்கென்றுதான் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தார். பிரியாணிக்கு வாங்கிய ஆடுகள் குட்டி போட்டன. சாமியார் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். இதென்ன கூத்து என்று தாளை மடித்து வைத்துவிட்டார். மைக் தானாகவே வாசித்தது, பழைய சாமியாரின் குரலில். மறுவாரத்திலிருந்து புதியவரே வாசிக்கிறார். சகாய ஆனந்த் லிஸ்ட்டையே அழித்துப் பார்த்தான். ஞாயிறு காலையில் அது திரும்ப வந்து நின்றது.

இதில் ரேகா என்ன பாவம் செய்தாள் என்று முதலில் நினைத்ததும் நித்யா மேரிதான். ஃபில்டரில் ரேகாவின் பெயரைப் போட்டாள். ஜாக்கெட் தையல், மருதாணி, பூ என்று ரேகாவின் பொறுப்பில் இருந்தவை மட்டும் தனியே வந்தன. எல்லாவற்றுக்கும் டிக் போட்டாள். அந்த வாரமே புதுச்சேரியிலிருந்து வரன் வந்து ரேகாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மருதாணி நன்றாகச் சிவந்திருந்ததாம். அதிலிருந்து ஓலையில் பெண்ணின் பெயர் வர வேண்டிய இடத்தில் சாமியார் சற்று நிறுத்திவிட்டு மேலே வாசிக்கிறார்.

போன தவக்காலத்தில் சகாய ஆனந்த் கண்ணாடிக் கடைக்கே வந்தான். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, "உன்கிட்ட நேர்ல வந்து சொல்லியிருக்கணும் நித்யா. தப்புதான்" என்றான்.

"இப்ப சொல்லு."

சொன்னான். ரேகா வீட்டில் வசதி ஜாஸ்தி என்று பார்த்ததையும் மறைக்காமல் சொன்னான். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, போனை எடுத்து, 'நித்யாவிடம் சொல்ல வேண்டும்' என்ற அந்தப் பழைய வரியிலிருந்த அவனுடைய டிக்கை நீக்கி, தன் கையால் ஒரு டிக் போட்டாள்.

"அந்த ஓலைக்கும் போட்டுடு. எங்க போய்ப் பொண்ணு கேட்டாலும், உனக்குதான் ஓலை ஓடிக்கிட்டு இருக்கேன்றாங்க."

"அதுக்கு வாரா வாரம் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். டிக் போட்டா முடிஞ்சிடுமா?" என்றாள் நித்யா மேரி. "எந்திரி. வெளிய ஆளுங்க நிக்கிறாங்க."

இது கொஞ்சம் அதிகம் என்று எங்கள் பங்கில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரில்லாத அந்த இடம் வரும்போது இருமல் இருப்பவர்கள் இருமிக்கொள்கிறார்கள், பிள்ளையைத் தூக்கியிருப்பவர்கள் தோள் மாற்றிக்கொள்கிறார்கள். சகாய ஆனந்த் தூண் ஓரமாகத் தலை குனிந்து நிற்கிறான். பூசை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடும்போது நித்யா மேரி போனை எடுத்து டிக் போடுகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி வந்து நிற்கிறது.